மாதம்மாள் அத்தை துலக்கிய ரயில் இன்ஜின்

அலமாரிமேல் ரயில் இன்ஜின் இல்லை.

முனிலட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். திருகாணி டப்பா இருந்தது. சாமணம் இருந்தது. பெயிண்ட் டப்பாவும் பிரஷும் இருந்தன. இன்ஜின் நின்ற இடத்தில் விரித்துப் போட்ட செய்தித்தாள் மட்டும் கிடந்தது.

நாளைக்கு ஆயுத பூஜை. அதனால் பள்ளிக்கூடம் அரை நாள்தான். அவள் இன்னும் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அத்தே! அத்தே!" என்று கத்தினாள்.

"பின்னாடி இருக்கேன் கண்ணு! வா, வா, ஓடியா! வந்து பாரு!" என்று கொல்லைப்புறத்திலிருந்து பதில் வந்தது. குரலில் அப்படியொரு குஷி.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாதம்மாள் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே துலக்கிய சாமான்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ரெண்டு குத்துவிளக்கு, ஒரு பித்தளைக் குடம், ஒரு தாம்பாளம், ஒரு சொம்பு. சொம்புக்குப் பக்கத்தில், ஐயையோ, இன்ஜின்!

நேற்றுவரை அது கன்னங்கரேல் என்று இருந்தது. இப்போது தலையிலிருந்து சக்கரம்வரை தகதகவென்று பொன்னாக மின்னியது. பக்கத்திலிருந்த குத்துவிளக்கே அதற்கு முன்னால் கொஞ்சம் மங்கல்தான்.

"என்னா பாப்பா இது? இத்தினி நல்ல பித்தளை சாமானை இப்பிடியா கரி அப்பி வெச்சிருப்பீங்க?" என்றாள் அத்தை. "ஒரு மூலையில மட்டும் பித்தளை எட்டிப் பாத்துச்சி. சரி, பூஜைக்கு வெக்கிற சாமான் போலன்னு எடுத்தேன். ரெண்டு உருண்டை புளி, ஒரு கை செங்கல் பொடி. ரெண்டு மணி நேரம் தேச்சேன். என் கையைப் பாரு, எப்பிடி செவந்து கெடக்குது!"

முனிலட்சுமி தோளில் பையோடு அப்படியே நின்றாள்.

"அத்தே… அது கரி இல்ல."

"பின்ன?"

"பெயிண்டு."

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பெயிண்டுக்குப் போய் இந்தப் பெண் ஏன் இப்படிச் சிலையாக நிற்கிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள்.

முனிலட்சுமியின் அப்பா கங்கப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்தக் கம்பெனி மேனேஜர் இங்கிலாந்து போய் வந்தபோது ஒரு பெட்டி வாங்கி வந்தார். அதற்குள் ஒரு ரயில் இன்ஜின் துண்டு துண்டாக இருந்தது. சக்கரம், தண்டு, குழாய், எள்ளளவு திருகாணி என்று நானூற்றுச் சொச்சம் உருப்படி. நாமேதான் அரம் போட்டு, பற்றவைத்து, முடுக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்தால் ஒரு முழ நீளத்துக்கு நிஜமான நீராவி இன்ஜின் கிடைக்கும். அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் உள்ளே தண்ணீர் கொதித்து, அந்த ஆவியில் தானே ஓடும்.

மேனேஜர் ரெண்டு தடவை பெட்டியைத் திறந்தார். ரெண்டு தடவையும் மூடிவிட்டார். கடைசியில், "கங்கப்பா, உன் கை நல்ல கை. நீயே செய். ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி ஓட்டிக் காட்டு" என்று கொடுத்துவிட்டார்.

பத்து மாதம் ஆயிற்று. அப்பாவுக்குப் படத்தைக் காட்டினால் போதும், கை தானாக ஓடும். ஆனால் இங்கிலீஷ் வராது. பெட்டியோடு வந்த புத்தகத்தை, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொன்னது ஏழாம் வகுப்பு முனிலட்சுமிதான். போன ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் அடித்ததும் அவள்தான். சின்ன பிரஷால் ஒரு இண்டு இடுக்கு விடாமல் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

சரி, பெயிண்ட் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். போக்கியது யார்? மாதம்மாள் அத்தை! அங்கேதான் சிக்கல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் அக்காவான இந்த அத்தை, அவருடைய மைக்ரோமீட்டரை எடுத்துக் கொட்டைப்பாக்கு உடைத்துவிட்டாள். மயிரிழை கனத்தை அளக்கிற கருவி அது. அப்பா கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "பட்டிக்காட்டு ஜென்மம்! என் சாமானைத் தொடறதா இருந்தா இந்த வீட்டுக்கே வராத!" என்று சொல்லிவிட்டார். அத்தை அந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு தன் ஊரான பேரிகைக்கு பஸ் ஏறிப் போனவள்தான். அதற்கப்புறம் எந்தப் பண்டிகைக்கும் வரவில்லை.

அத்தை இல்லாத பண்டிகையில் முனிலட்சுமிக்கு ருசியே இல்லை. "அத்தைக்கு லெட்டர் போடட்டுமா?" என்று இந்த வருஷம் அப்பாவைக் கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

அத்தை நேற்று வந்து இறங்கினாள். அப்பா "வா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே அத்தைக்கு முகமெல்லாம் பல்.

அந்த முகம் இப்போது சுண்டிப்போயிற்று.

"பெயிண்டா? அப்ப இது… அவன் சாமானா?"

முனிலட்சுமி தலையை ஆட்டினாள்.

அத்தை கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது. எழுந்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்க் கொடியில் கிடந்த புடவையை உருவி மஞ்சள் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

"அத்தே, என்ன பண்ற?"

"அஞ்சு மணிக்கு பஸ்ஸு இருக்குது. அவன் வர்றதுக்குள்ள நான் கெளம்பிடறேன். இன்னொரு தரம் அந்தப் பேச்சைக் கேக்க என்னால ஆவாது கண்ணு. இந்தத் தடவை போனா போனதுதான். இனிமே லெட்டர் போட்டாலும் வர மாட்டேன்."

"நான்தான் தேச்சேன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்!"

"சீ! நான் பண்ண தப்புக்கு நீ அடி வாங்குவியா? என்னை என்னான்னு நெனச்ச?" என்று அத்தை அதட்டினாள். அதட்டும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முனிலட்சுமி பெயிண்ட் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் அரை விரற்கடை இருந்தது. அடித்தாலும் காய ரெண்டு நாள் ஆகும். அது ஆகாத காரியம். அவளுக்கும் அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் ரெண்டு பேரும் அழுதால் இன்ஜினை யார் பார்ப்பது? ஏதாவது கழன்று போயிருந்தால்?

"அத்தே, மணி ஒண்ணரைதான் ஆவுது. பஸ்ஸுக்கு நேரமிருக்குது. அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் கூடமாட இரு. எங்கெங்க எப்பிடித் தேச்ச? மொதல்லேர்ந்து சொல்லு."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சல்லடையில வெச்சுதான் தண்ணி ஊத்தினேன். ஒரு கடுகுகூட கீழ போவல. சக்கரத்தை நாருல தேச்சேன். இந்த உருளையைத் துணியில தேச்சேன். மேல தோ, இங்க சின்னதா ஒரு மூக்கு இருக்குது பாரு. அது ஓட்டை பூரா கறுப்பு அடச்சிகிட்டு இருந்துச்சி. ஈர்க்குச்சி வுட்டுக் குத்தினேன், வரல. அப்புறம் ஊக்கு வுட்டு நோண்டினேன். உள்ள ஒரு குட்டி குண்டு அந்தக் கறுப்புல கெட்டியா ஒட்டிகிட்டு இருந்துச்சி. இப்ப பாரு, அமுக்கினா உள்ள போவுது, விட்டா வெளிய வருது!"

இதைச் சொல்லும்போது அழுகையையும் மீறி அத்தைக்குக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"அது எதுக்குன்னு தெரியலயே" என்று முனிலட்சுமி புத்தகத்தை எடுத்தாள். படத்தில் அந்த மூக்கைத் தேடிப் பிடித்தாள். பக்கத்தில் போட்டிருந்த பெயரை அகராதியில் பார்த்தாள். பாதுகாப்பு வால்வு. உள்ளே ஆவி அளவுக்கு மேல் சேர்ந்தால் அந்தக் குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிற வழி. குக்கருக்கு வெயிட் இருக்கிறதே, அந்த மாதிரி.

'முப்பத்தோராம் பக்கம் பார்க்கவும்' என்று அதன்கீழ் போட்டிருந்தது.

முப்பத்தோராம் பக்கத்தை அவள் படித்ததே இல்லை. அதில் ஒரு படம்கூடக் கிடையாது, பக்கம் முழுக்க எழுத்து. பெயிண்ட் அடிக்கிற அவசரத்தில், "இதுல ஒண்ணுமில்லப்பா" என்று அன்றைக்குப் புரட்டிவிட்டாள்.

இப்போது விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அத்தை அகராதியின் ஏடுகளைத் தள்ளிக் கொடுத்தாள். அரை மணி நேரமாயிற்று.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் மூன்று தடவை ஆவி ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தது. அவர்கள் ஒரு தடவைகூட ஓட்டவில்லை. அடுத்து, புளிப்பான எதையாவது போட்டுப் பித்தளையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் நிற்காது என்று இருந்தது. அதையும் அவர்கள் செய்யவில்லை. அதனால்தான் ஒரே வாரத்தில் மூலையில் பித்தளை எட்டிப் பார்த்திருக்கிறது!

கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. முனிலட்சுமி அதை ரெண்டு தடவை படித்தாள்.

"என்னா கண்ணு? ஏன் மூஞ்சி இப்பிடி வெளுத்துப்போச்சி?"

"பாதுகாப்பு வால்வுக்குள்ள பெயிண்டு போகவே கூடாதாம் அத்தே. அடச்சிகிட்டா ஆவிக்கு வழி இல்லாம, கொதிக்கிற உருளை வெடிச்சிடுமாம்."

"ஐயோ ராமா!"

போன வருஷம் அடுத்த வீட்டு ரங்கம்மாவின் குக்கரில் பருப்பு அடைத்துக்கொண்டு மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நல்லவேளை, அப்போது அடுப்படியில் யாரும் இல்லை. நாளைக்குக் கம்பெனியில் இந்த இன்ஜினைச் சுற்றி எல்லாரும் நிற்பார்கள். குழந்தைகள்தான் முன்வரிசை. அப்பா குனிந்து நிற்பார்.

அந்த ஓட்டையில் பெயிண்ட் அடித்தது யார்? ஒரு இண்டு இடுக்கு விடாமல் பார்த்துப் பார்த்து அடித்தது யார்?

"நான்தான் அத்தே" என்றாள் முனிலட்சுமி. "நீ நோண்டி எடுக்கலன்னா…"

அத்தை அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்குப் போவாத அத்தே. நீ போயிட்டா அப்பா உன் மேலதான் பழி போடுவாரு. நான் சொல்றப்ப நீ இங்க இருக்கணும்."

"உன்னை அடிச்சிட்டான்னா?"

"அடிச்சா அடிக்கட்டும்."

அஞ்சு மணி பஸ் போயிற்று. அஞ்சரைக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. சந்தையில் பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு வந்த அம்மாவும் அப்பாவோடு சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தாள்.

கூடத்தில் செய்தித்தாள்மேல் இன்ஜின் தகதகவென்று நின்றது.

அம்மா பூசணிக்காயை நழுவவிட்டாள். அது உருண்டு போய்க் கட்டிலுக்கடியில் புகுந்தது. யாரும் அதைத் தேடவில்லை.

அப்பா இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "யாரு?" என்றார்.

"நான்தான்" என்றாள் அத்தை.

அப்பாவின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

"அப்பா! கத்தறதுக்கு முன்னாடி முப்பத்தோராம் பக்கம்!" என்று முனிலட்சுமி நடுவில் பாய்ந்தாள்.

"என்ன பக்கம்?"

அவள் புத்தகத்தை மார்பில் அணைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னாள். படிக்காமல் புரட்டியது, பெயிண்ட் வால்வுக்குள் போனது, குண்டு ஒட்டிக்கொண்டது, அத்தை ஊக்கால் நோண்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். "தப்பு என்னுதுப்பா, அத்தையுது இல்ல" என்று முடிக்கும்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அப்பா பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து வால்வைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்சுவரில் ஒரு பக்கம் இன்னும் கறுப்பாக ஒரு தீற்றல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். கல்லாகக் காய்ந்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி கொண்டா" என்றார்.

அம்மா ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டினாள்.

"எனக்கில்ல. இன்ஜினுக்கு!"

வால்வைச் சுத்தம் செய்து மாட்டினார். தேய்த்த இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். இன்ஜினை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார்.

தண்ணீர் முனக ஆரம்பித்தது. பிறகு குமுறியது. அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது, ஏறியது, சிவப்புக் கோட்டைத் தொட்டது.

புஸ்ஸ்ஸ்ஸ்!

அம்மா "முருகா!" என்றாள். அத்தை முனிலட்சுமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். வால்விலிருந்து வெள்ளையாக ஆவி பீறிட்டு, முள் பழையபடி இறங்கியது. ரெண்டு நிமிஷத்தில் மறுபடியும் ஏறியது. மறுபடியும் புஸ்ஸ்ஸ்! ஆவி ஒழுங்காக வெளியே போயிற்று. அது அடங்கியதும் அப்பா கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினார். சக்கரம் சுற்றியது.

அப்பா விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"பிரஷ்ஷைப் பிடிச்சது நீ. பாக்காம விட்டது நான். ஆளுக்குப் பாதி" என்று முனிலட்சுமியின் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தார். அதற்கப்புறம் அத்தையைப் பார்த்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லடா" என்றாள் அத்தை. ரெண்டு பேரும் உள்ளே போனார்கள்.

மறுநாள் கம்பெனியில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. நடுவில் ஒரு பெரிய மேஜைமேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தது. தோளோடு தோள் இடிக்க ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அப்பா கைப்பிடியைத் தட்டினார். சக் என்றது. சக், சக் என்றது. பொன்னிற இன்ஜின் ஒரு தரம் உடம்பைக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. ஒரு சுற்று முடிவதற்குள் வேகம் பிடித்துவிட்டது. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். வால்வு அவ்வப்போது புஸ்ஸென்றது. அது புஸ்ஸென்ற ஒவ்வொரு தடவையும் முனிலட்சுமிக்கு நிம்மதியாக இருந்தது.

"சென்னாகிதே! சென்னாகிதே!" என்று மேனேஜர் கன்னடத்தில் பாராட்டினார். குனிந்து கிட்டத்தில் பார்த்தார். "கறுப்பு பெயிண்ட் அடிக்கிறதாத்தானே சொன்னே கங்கப்பா? இது கண்ணைப் பறிக்குதே. எந்தக் கடை பாலிஷ்? ஃபாரினா?"

"பாலிஷ் இல்ல சார்."

"பின்னே?"

அப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அத்தை கடைசி வரிசையில், மாலை போட்ட ஒரு மிஷினுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா சார்" என்றார் அப்பா. சக்சக் சத்தத்தில் மேனேஜருக்குக் கேட்கவில்லை. "யாரு?" என்று காதைக் கொடுத்தார். அப்பா தொண்டையைத் திறந்து ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்கக்கா மாதம்மா சார்! பேரிகை! அது கை வெக்கலன்னா இந்த இன்ஜினும் இல்ல, நானும் இங்க நின்னுகிட்டு இருக்க மாட்டேன்!"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அப்பா வாயில் 'அக்கா' என்ற சொல் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேஜைக்கு வந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் நேரம் ஓட்டுடா கங்கா. பின்னாடி நின்னதுல எனக்கு ஒண்ணுமே தெரியல."

அக்கா கேட்டுத் தம்பி மாட்டேன் என்பானா? தண்ணீர் தீர்கிறவரைக்கும் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருந்தது.